தேரிக்காட்டு ஆமையைக் கடலில் விடலாமா?

கேள்வி இது: திருச்செந்தூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் தோட்டத்துக்குள் ஒரு ஆமை வந்திருக்கிறது. கறுப்பு ஓடு, மேலே மஞ்சள் கோடுகள். பிள்ளைகள் பாவம் பார்த்து, கடலில் கொண்டு விடலாம் என்கிறார்கள். பெரியவர்கள் வீட்டு வாசலுக்கு வருமுன் துரத்தச் சொல்கிறார்கள். கடலாமைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஆமையைத் தொட்டாலே ஜெயில் என்கிறார்களே, அப்படிப் பாதுகாக்க அதில் என்ன இருக்கிறது?

முதல் வேலை முதலில். தயவுசெய்து கடலில் விடாதீர்கள். கிணற்றிலும் குளத்திலும் கோயில் தெப்பத்திலும்கூட விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரம் காலை உதைத்துவிட்டு மூழ்கிச் செத்துப்போகும். எந்த வேலிப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே, வெயில் தாழ்ந்த பிறகு, முள்ளும் புல்லும் இருக்கும் இடமாகப் பார்த்து இறக்கி விடுங்கள். நாய் இருந்தால் அன்று ராத்திரி கட்டிப் போடுங்கள். ஓடு உடைந்திருந்தாலோ காலில் காயம் இருந்தாலோ மட்டும் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஆமை என்றால் தண்ணீர்ப் பிராணி என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. நல்ல மனசோடு செய்கிற கொலை என்று இதைச் சொல்லலாம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஓட்டைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். நில ஆமையின் கால் உருண்டையான தூண். யானைக்கால் மாதிரி அடியில் தட்டையாக, முன்பக்கம் கெட்டி நகங்களோடு இருக்கும். விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. கடலாமைக்குக் கால் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நான்கும் துடுப்பு. முன்துடுப்பு இரண்டும் நீளம், அவைதான் நீச்சலுக்கு. பின்துடுப்பு திசை திருப்புவதற்கும், முட்டைக்குழி தோண்டுவதற்கும். இரண்டுக்கும் நடுவில் குளத்து, ஆற்று ஆமைகள். இவற்றுக்குக் கால் உண்டு, விரல் உண்டு, விரல்களுக்கு நடுவே சவ்வும் உண்டு. நடக்கவும் செய்யும், நீந்தவும் செய்யும்.

காலுக்கு அடுத்துதான் ஓடு. கடலாமையின் ஓடு தட்டையாக, முன்னால் அகன்று பின்னால் குறுகி, தண்ணீரைக் கிழித்துப் போக வாகாக இருக்கும். நில ஆமைக்குக் குவிந்த கூரை. நட்சத்திர ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு தகடும் தனியாக மேடு தட்டியிருக்கும். மேட்டின் உச்சியில் ஒரு மஞ்சள் திட்டு, அதிலிருந்து சுற்றிலும் பிரியும் கோடுகள். கையில் எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும் இந்தக் கோடுகள், காய்ந்த புல்லின் நிழலில் உட்கார்ந்துவிட்டால் காணாமல் போய்விடும். இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் தட்டுப்படாது.

இந்தக் கூரைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 2006-ல் டொமோகோஷ், வார்கோனி என்ற இரண்டு ஹங்கேரிய ஆய்வாளர்கள், எப்படிப் போட்டாலும் உருண்டு ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு வடிவத்தை உருவாக்கிக் காட்டினார்கள். உள்ளே கனம் எதுவும் வைக்காமல், வெறும் வடிவத்தாலேயே நிமிர்கிற பொருள். கோம்போட்ஸ் என்று அதற்குப் பெயர். அப்புறம் அவர்கள் ஆமை ஓடுகளை அளந்து பார்த்தபோது, அந்த வடிவத்துக்கு மிக நெருங்கி வந்தவற்றில் ஒன்று நம் நட்சத்திர ஆமை. மல்லாந்து விழுந்தால் லேசாகக் காலை ஆட்டினாலே புரண்டு எழுந்துவிடும். கணித மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் உங்கள் தோட்டத்து வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

கடலாமைக்கு வருவோம். உலகில் கடலாமை மொத்தம் ஏழு வகைதான். அதில் ஐந்து இந்தியக் கடலில் உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. தமிழ்நாட்டுக் கரையில் முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஜனவரியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை வரும். கடலாமையால் தலையையோ துடுப்பையோ ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. நில ஆமைக்கு ஆபத்து என்றால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். கடலாமைக்கு வேகம்தான் பாதுகாப்பு. வலைக்குள் மாட்டினால் அந்த வேகமும் உதவாது.

ஒரு பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ராத்திரியில் அலை தொடும் கோட்டைத் தாண்டி, தன் எடையை இழுத்துக்கொண்டு மணலில் ஏறி வரும். இடம் பிடித்ததும் மேல்மணலைத் துடுப்பால் ஒதுக்கிவிட்டு, பின்துடுப்பால் தோண்டத் தொடங்கும். ஒரு துடுப்பு உள்ளே போய் மணலை அள்ளி வெளியே வைக்கும், உடனே மறு துடுப்பு முன்னால் குவிந்ததைச் சுண்டி எறிந்துவிட்டு உள்ளே போகும். கண்ணால் பார்க்காமலே ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி பெருத்த குழி தயார். அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள் விழும். தோல் மாதிரி வளைந்து கொடுக்கும் ஓடு என்பதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் உடையாது. கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வழியும். பிரசவ வேதனையில் அழுகிறது என்பார்கள். உண்மையில் கண்ணருகே இருக்கும் உப்புச் சுரப்பிகள் உடம்பில் சேர்ந்த கடல் உப்பை வெளியேற்றுகின்றன. கடலுக்குள்ளும் அது ‘அழுதுகொண்டுதான்’ இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. குழியை மூடியதும் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு, தொப் தொப்பென்று மணலை இறுக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மணலில் விட்டுப் போகும் தடத்தில் இடது, வலது துடுப்பு அடையாளம் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. இரண்டும் ஜோடியாக நேருக்கு நேர் பதிந்திருந்தால் பேராமையோ ஏழுவரியோ.

ஆண் கடலாமை குஞ்சாக மணலை விட்டு இறங்கியபின் பெரும்பாலும் கரைக்கே வராது. பெண் வருவதும் முட்டையிடுவதற்கு மட்டும். அதே சமயம், எந்தக் கடலாமையும், அது எத்தனை ஆழத்தில் வாழ்ந்தாலும், முட்டையைத் தரையில்தான் இட்டாக வேண்டும். மூச்சும் நுரையீரலால்தான். செவுள் கிடையாது. இது நினைவிருக்கட்டும், இழுவலை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

குளத்து ஆமைகளில் நம் பக்கம் அதிகம் பார்ப்பது பால் ஆமை. ஓடு சொரசொரப்பில்லாமல் தோல் போர்த்தியது மாதிரி இருக்கும். பின்காலை உள்ளே இழுத்தால் மேலே மூடிக்கொள்ள அடியில் இரண்டு மடல்கள் உண்டு. மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் சாலையைக் கடப்பது பெரும்பாலும் இதுதான். இதைத் தண்ணீர் இருக்கும் பக்கமாக, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே விடலாம். கறிக்காகவும் தூண்டில் இரைக்காகவும் பிடித்துப் பிடித்து, சாதாரணமாகக் கிடைத்த இந்த ஆமையே இப்போது அழியும் ஆபத்துள்ள பட்டியலுக்கு வந்துவிட்டது. கடலாமையையும் நட்சத்திர ஆமையையும் பற்றி எழுத ஆள் இருக்கிறது, பால் ஆமைக்குத்தான் யாரும் இல்லை.

இப்படி நிலம், குளம், கடல் என்று மூன்றாகப் பிரித்துவிட்டேனே தவிர, இயற்கை அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பிரம்பு ஆமை என்று ஒன்று உண்டு. குடும்பத்தால் அது குளத்து ஆமைகளின் சொந்தம். வாழ்வதோ காட்டுத் தரையில், சருகுக்கு அடியில். 1912-ல் கொச்சிக் காட்டில் கண்டுபிடித்த பிறகு எழுபது வருஷம் அது எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. 1982-ல் அதைத் திரும்பக் கண்டுபிடித்தவர் சென்னைப் பாம்புப் பண்ணையில் வேலை செய்த ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர். காடர் மக்களின் துணையோடு காட்டுக்குள் தங்கியே அந்த ஆமையைப் படித்தார். 1987-ல், முப்பது வயதைத் தொடுமுன்பே இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கே விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள்.

அதே பாம்புப் பண்ணைக் கூட்டத்திலிருந்து வந்த இன்னொருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐஐடியில் படிக்க வந்தவர் கடலாமையின் பின்னால் போய்விட்டார். இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று முதன்முதலில் பதிவு செய்தவர் அவர். 1982-ல் பருவமழைக் காலம் முழுவதும் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் படகே போகாத இடம். அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கி, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கதை மாதிரி இருக்கும், நடந்ததுதான். இன்று ஆமைகளைப் பற்றி நாம் உறுதியாகப் பேசும் பல விஷயங்கள் இவர்கள் இருவரும் நடந்தும் காத்திருந்தும் சேர்த்தவை.

சரி, பாதுகாப்பு விஷயம். ‘ஓடு இருக்கிறது, நூறு வருஷம் வாழும், ஒரு தடவைக்கு நூறு முட்டை போடும். இதைப் போய் நாம் என்ன பாதுகாப்பது?’ என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். சிக்கல் இருப்பது அந்தக் கணக்கில்தான்.

நூறு முட்டை போடுவது வசதியால் அல்ல, கட்டாயத்தால். முட்டையாக இருக்கும்போது நாய், நரி, காட்டுப்பன்றி. குஞ்சாக மணலில் ஓடும்போது நண்டு, காகம். கடலில் இறங்கியதும் மீன்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஒன்று பிழைத்துவிட்டால் ஓடு கெட்டியாகிவிடும், பெரிய சுறாவைத் தவிர எதிரி இல்லை. பங்குனி ஆமைக்கு முட்டையிடும் வயது வரவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பேராமைக்கு இருபத்தைந்து, முப்பதுகூட ஆகலாம். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் முட்டையிட்டு, வாழ்நாளில் எப்படியோ தனக்குப் பதிலாக ஒன்றிரண்டு குஞ்சைப் பெரிதாக்கிவிட்டுப் போகும். ஆக, ஆமையினத்தின் முழுப் பிழைப்பும் வளர்ந்த ஆமை சாகாமல் இருப்பதில் தொங்குகிறது. கோடிக்கணக்கான வருஷமாக இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. வளர்ந்த ஆமையைக் கொத்துக் கொத்தாகக் கொல்ல மனிதன் கற்றுக்கொண்ட பிறகுதான் கணக்கு உதைக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 1987-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் அங்குள்ள பெருந்தலை ஆமைகளின் பிறப்பு இறப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அதுவரை எல்லோரும் முட்டையைப் பாதுகாப்பதிலேயே குறியாக இருந்தார்கள். கணக்கு சொன்னது வேறு. ஒரு முட்டைகூட வீணாகாமல் காப்பாற்றினாலும் கடலில் வளரும் ஆமைகளும் பெரிய ஆமைகளும் வலையில் செத்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகும். இழுவலையில் ஆமை தப்பிக்க வழி வைப்பதை அமெரிக்கா கட்டாயமாக்கியதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

நம் கரையில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக விசாரணைக்கு எடுத்தது. ஒதுங்கியது இவ்வளவு என்றால் கடலிலேயே மூழ்கியது எவ்வளவோ. காரணம் பெரிய மர்மம் இல்லை. முட்டையிட வரும் ஆமைகள் கரையை ஒட்டியே சுற்றும். அதே இடத்தில், அதே மாதங்களில் விசைப்படகு இழுவலை ஓடினால் ஆமை உள்ளே போகும். மணிக்கணக்கில் வலையை இழுக்கிறார்கள். நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். வலையைத் தூக்கும்போது வருவது பிணம். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து வருஷம் தப்பிப் பிழைத்து, முட்டையோடு கரைக்கு வந்த ஆமை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சட்டம். ஆமைக்காக மட்டும் போட்டதல்ல, சிறு படகு மீனவர்களின் பிழைப்புக்காகவும் போட்டது. அதனால் மீனவர் ஒரு பக்கம், ஆமை மறு பக்கம் என்று இதைப் பேசுவது எனக்கு ஒப்பாத பேச்சு. கரையோரத்தை விசைப்படகு வழித்துக்கொண்டு போவதில் நாட்டுப்படகுக்காரருக்கும் ஆமைக்கும் நஷ்டம் ஒன்றுதான். வலைக்குள் ஆமை விலக்குச் சாதனம் வைப்பது இன்னொரு வழி. வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். நாலைந்து அங்குல இடைவெளியில் மீனும் இறாலும் நுழைந்து பின்னால் போய்விடும், ஆமை சட்டத்தில் மோதிச் சறுக்கி மேலே இருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதைச் செய்தே கொடுத்திருக்கிறது. கொஞ்சம் மீனும் அந்த வழியே போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தச் சாதனம் இல்லாததைக் காரணம் காட்டி 2019-ல் இந்தியாவின் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியபோது அடி விழுந்ததும் அவர்கள் மேல்தான்.

இதைச் சொல்வதால் முட்டையைப் பாதுகாப்பது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பருவம் முழுக்க இரவு நடை நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. வனத்துறையும் கரை நெடுகப் பொரிப்பகம் நடத்துகிறது. 2024 பருவத்தில் தமிழ்நாட்டில் கடலில் விட்ட குஞ்சுகள் 2 லட்சத்துக்கும் மேல். நல்ல வேலை. ஆனால் அமைச்சர்களும் பிள்ளைகளும் குஞ்சு விடும் படத்தைப் போட்டுவிட்டு, கடலில் தாய்கள் சாவதைப் பேசாமல் விட்டால் அது பாதி வேலை.

நகரத்துக் கரையில் பொரிப்பகம் இல்லாமல் முடியாது என்பதற்கு நாய் மட்டும் காரணம் இல்லை, விளக்கும் காரணம். குஞ்சுகள் ராத்திரியில்தான் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டில் கடல் வானம்தான் கரையைவிட வெளுப்பு, அதனால் அந்த வழிகாட்டி என்றும் தப்பியதில்லை. இப்போது கடற்கரை ஹோட்டல் விளக்கும் சாலை விளக்கும் அதைவிட வெளுப்பு. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகின்றன. காலையில் டயர் தடத்தில் நசுங்கிக் கிடக்கும். பிரச்சினைகளிலேயே மிகச் சுலபமாகத் தீரக்கூடியது இது. பருவத்தில் ராத்திரி கடலைப் பார்த்த விளக்கை அணைத்தால் போதும்.

சுலபமாகத் தீராதது வெயில். கடலாமை முட்டையிடும்போது உள்ளே இருப்பது ஆணா, பெண்ணா என்று தீர்மானமாகியிருக்காது. முட்டை இருக்கும் மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரிக்குக் கீழே ஆண் அதிகம், மேலே பெண் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வடக்குக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளைச் சோதித்து 2018-ல் வெளியான ஆய்வில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். சில வருஷம் கூட்டம் பெருகியதுபோலவே தெரியும். பிறகு ஆண் எங்கே?

சட்டம் எதையாவது சாதித்திருக்கிறதா என்றால், ஆம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தூத்துக்குடியிலேயே கேட்டுப் பாருங்கள், வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் ஆமைக்கறி வெளிப்படையாக விற்றது. ரத்தத்தைச் சுடச்சுடக் குடித்தால் தெம்பு என்று கிளாஸில் வாங்கிக் குடித்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பிடித்த பேராமைகளை உயிரோடு அடைத்து வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடலாமைகள் சேர்ந்த பிறகு இந்த வியாபாரம் படுத்தது. திருட்டுத்தனமாக இன்னும் கொஞ்சம் நடக்கிறது, பகிரங்கமாக இல்லை. (அழுங்காமைக் கறியை மட்டும் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். கடற்பஞ்சைத் தின்று வளரும் அதன் இறைச்சி சில சமயம் விஷம். சாப்பிட்டு இறந்தவர்கள் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் உண்டு.) இப்படிப் பல நாடுகளில் முட்டை எடுப்பதையும் கறிக்குப் பிடிப்பதையும் நிறுத்தியதன் பலன், நெடுங்காலம் அழிவின் விளிம்புப் பட்டியலில் இருந்த பேராமை உலக அளவில் தேறிவிட்டது என்று 2025 அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. அழுங்காமை இன்னும் தேறவில்லை.

நட்சத்திர ஆமையின் துன்பம் வேறு ரகம். அதை யாரும் பெரிதாகத் தின்பதில்லை. அழகுதான் அதற்கு எமன். உலகிலேயே கடத்தலில் அதிகம் பிடிபடும் நில ஆமை இதுதான். தமிழ்நாடு, ஆந்திரக் காடுகளில் பொறுக்கி, ஓட்டுக்குள் கால் தலையை இழுத்துக்கொண்டதும் டேப் சுற்றி, துணிக்கும் பொம்மைக்கும் நடுவே பெட்டியில் அடுக்கி, சென்னை விமான நிலையம் வழியாகத் தாய்லாந்து, மலேசியா பக்கம் அனுப்புகிறார்கள். நாய்க்கும் நரிக்கும் எதிராக வேலை செய்த அந்தப் பூட்டு, கடத்தல்காரனுக்குப் பேக்கிங் வசதியாகிவிட்டது. வளர்ப்புக்கு வாங்குகிறார்கள், அதிர்ஷ்டம் வரும் என்றும் வாங்குகிறார்கள். நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி. நாலு தெரு தள்ளி அதையே செல்வம் கொழிக்கும் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே பிராணிக்கு இரண்டு ஜாதகம், இரண்டிலும் அதற்குக் கண்டம்.

நட்சத்திர ஆமை ஒரு தடவைக்கு இடுவது சில முட்டைகளே. நூறெல்லாம் கிடையாது. ஒரு காட்டில் நூறு பெரிய ஆமையைப் பொறுக்கிவிட்டால் அந்தக் காடு தேற ஒரு தலைமுறை ஆகும். 2019-ல் சர்வதேச வர்த்தகத்துக்கு முழுத் தடை வந்தது. இந்தியச் சட்டத்தில் கீழ்ப் பட்டியலில் இருந்ததை 2022-ன் திருத்தத்தில் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். இனி வீட்டில் வைத்திருந்தாலே மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. ரோட்டில் அடிபடாமல் தூக்கி ஓரமாக விடுபவருக்காக அந்தச் சட்டம் போடவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். பிடிபட்டவற்றைத் திருப்பி விடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. குஜராத் பக்கத்து ஆமையும் தமிழ்நாட்டு ஆமையும் மரபணுவில் வேறு வேறு. எங்கே பிடித்தது என்று தெரியாமல் கண்ட காட்டில் விட்டால் கலப்பும் நோயும் பரவும். அதனால்தான் உங்கள் தோட்டத்து ஆமையை அங்கேயே விடச் சொன்னேன்.

ஆமை அழிந்தால் மறுநாளே கடல் வற்றிவிடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அதற்கென்று வேலைகள் உண்டு: அழுங்காமை கடற்பஞ்சைத் தின்று பவளத்துக்கு இடம் விடுகிறது, ஏழுவரி ஆமை சொறிமீன்களைத் தின்கிறது, பேராமை கடற்புல்லை மேய்கிறது. ஆற்று ஆமை பிணம் தின்னும் என்பதால் கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் வாரணாசியில் ஆயிரக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். அதே சமயம் லட்சத்தீவில் பேராமைகள் ஒரே இடத்தில் பெருகிப் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்து, மீன் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் கோபப்பட்டதும் உண்டு. ஒரு பிராணி நமக்கு உபயோகமாக இருந்தால்தான் வாழலாம் என்ற வாதம் எப்போதும் நொண்டும். டைனோசர் காலத்திலிருந்து வரும் வம்சத்தை இறாலுக்கும் அலங்காரத்துக்கும் ஐம்பது வருஷத்தில் முடித்து வைப்பது அசிங்கம், எனக்கு அந்தக் காரணம் போதும்.

கடைசியாக, பிள்ளைகள் ஆமை வளர்க்க ஆசைப்படுவார்கள், கேட்பார்கள். மீன் தொட்டிக் கடைகளில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் பச்சையாக, காதோரம் சிவப்புப் பட்டையோடு விற்கிறார்களே, அது நம் ஊர் ஆமையே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. சில வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தொட்டி போதாது, தண்ணீர் நாறும், கடிக்கும். அப்போது எல்லோரும் செய்வது பக்கத்துக் குளத்தில் விடுவது. அங்கே போய் அது நம் பால் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சாகும்வரை நீங்களே வைத்துக் காப்பாற்றுங்கள், முப்பது வருஷம்கூட ஆகலாம். வாங்கவில்லை என்றால், மாசி மாதத்தில் ஒரு ராத்திரி பிள்ளைகளைக் கடற்கரை ஆமை நடைக்குக் கூட்டிப் போங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.